மைசூரில் மாநாடு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரை நாள்

தொழில்முறை மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் அச்சேறாத ஓர் அமர்வு எப்போதும் உண்டு. அது ஊர் பார்க்கும் அமர்வு. மைசூரில் நடக்கும் மாநாடுகளில் அதற்குப் பெரும்பாலும் வாய்ப்பது கடைசி நாள் பிற்பகல்; போகும் இடம், 15 கிலோமீட்டர் வடக்கே காவிரிக்கு நடுவில் தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம். 1610 முதல் 1799 வரை மைசூர் அரசின் தலைநகராக இருந்த ஊர் அது. இன்றைக்கு மாண்டியா மாவட்டத்தின் ஒரு தாலுகா தலைமையிடம்.

மைசூருக்கு மாநாடுகள் தேடி வருவதற்குக் காரணம் அதன் நிறுவனங்கள். 1916-ல் தொடங்கிய மைசூர் பல்கலைக்கழகம், 1950-லிருந்து இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், பேச்சு - செவித்திறனுக்கான அகில இந்திய நிறுவனம், 1969-ல் அமைந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, இன்ஃபோசிஸின் பயிற்சி வளாகம் என்று துறைக்கொன்றாக இங்கே இருக்கின்றன. இந்திய அறிவியல் மாநாடு 1982-லும் 2016 ஜனவரியிலும் மைசூரில் கூடியது. 2023-ல் இந்தியா ஜி20 தலைமையில் இருந்தபோது ‘திங்க் 20’ உச்சி மாநாடும் இங்கேதான் நடந்தது. ஆக, வருடம் முழுக்க யாராவது ஒரு துறையினர் கழுத்தில் அடையாள அட்டையோடு இந்த ஊரில் திரிந்துகொண்டிருப்பார்கள்.

அவர்களுக்கு மைசூர் அரண்மனையே போதாதா என்றால், அது வேறு வகைக் காட்சி. இப்போதைய அரண்மனை 1897-ல் பழையது தீப்பிடித்து எரிந்த பிறகு ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-ல் முடிந்தது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் கைவைத்த அதே இர்வின்தான். அரண்மனை நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு பொருட்காட்சி. ஸ்ரீரங்கப்பட்டணமோ ஒரே நாளில் நின்றுபோன தலைநகரம். சுமார் 5 கிலோமீட்டர் நீளமும் ஒன்றரை கிலோமீட்டர் அகலமும் கொண்ட தீவுக்குள் கோட்டை, கோயில், பள்ளிவாசல், சிறை, கோடை மாளிகை, சமாதி எல்லாம் அடக்கம். தில்லியையோ ஹைதராபாத்தையோ அரை நாளில் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இந்த ஊரை அரை நாளில் பார்த்தேன் என்றால் நம்பலாம்.

தமிழர்களின் பழைய தலைநகர்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் இதை ‘திப்பு சுல்தான் ஊர்’ என்ற அளவில்தான் அறிவார்கள். ஆனால் கொங்கு நாட்டுக்கும் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கும் இதுதான் நெடுங்காலம் தலைநகர். வரி இங்கேதான் வந்து சேர்ந்தது. திப்புவின் தந்தை ஹைதர் அலி பெரிய ஆளாகத் தலையெடுத்தது 1755-ல் திண்டுக்கல் பௌஜுதாராக (படைத் தலைவராக) நியமிக்கப்பட்ட பிறகுதான். 1792 மார்ச் 18-ல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி அரசை விட்டுக்கொடுத்தபோது திண்டுக்கல்லும் பாராமகாலும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) வசம் போயின. திப்பு இறந்து கோட்டை விழுந்த 1799-ல் கோயம்புத்தூரும் போனது. இரண்டு இளவரசர்கள் பணயமாகச் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டு 1794-ல் திரும்பினார்கள். 1799-க்குப் பிறகு திப்புவின் குடும்பமே வேலூர்க் கோட்டைக்குப் போனது. 1806 வேலூர்க் கிளர்ச்சியில் அவர்கள் பெயர் அடிபட்டது.

அதற்கும் முந்தைய உறவு ரங்கநாதர் வழியே வருவது. காவிரியின் மூன்று தீவுகளில் பள்ளிகொண்ட மூன்று ரங்கர்களில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருப்பவர் ஆதி ரங்கர், சிவனசமுத்திரத்தில் இருப்பவர் மத்திய ரங்கர், நம் திருச்சி ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் அந்திய ரங்கர். கோயிலின் தொடக்கம் கங்கர் காலத்து 9-ம் நூற்றாண்டு. விஜயநகரத்தின் பிரதிநிதியிடமிருந்து ராஜ உடையார் 1610-ல் ஊரைக் கைப்பற்றித் தலைநகராக்கிய அதே ஆண்டு இங்கே தசரா தொடங்கியது. இன்று உலகம் பார்க்க வரும் மைசூர் தசராவுக்குப் பிறந்த வீடு இந்தத் தீவு.

வேலையாக வந்தவர்கள்

வேலையாக வந்து ஊரையும் பார்த்துப் போவது இங்கே புதிய பழக்கம் இல்லை. 1791-92 போரில் கும்பினித் தளபதி கார்ன்வாலிஸின் படையோடு ஓவியர் ராபர்ட் ஹோம் வந்தார். மைசூர் நாட்டுக் கோட்டைகளையும் மலைகளையும் வரைந்து 1794-ல் நூலாக வெளியிட்டார். பிரான்சிஸ் புக்கானன் என்ற கும்பினி மருத்துவர், புதிதாகப் பிடித்த நாட்டின் பயிர், தொழில், குடிகள் பற்றி அறிக்கை தரும் வேலையாக 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி இங்கே வந்தார். திப்பு காலத்தில் தீவில் ஒன்றரை லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்றும், தாம் பார்த்தபோது 32 ஆயிரம் பேர்தான் என்றும் எழுதிவைத்தார். ஒரு தலைநகரம் பதவி இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவ்வளவு சீக்கிரம் எடுத்த கணக்கு அரிது.

ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் கதை இன்னும் சுவையானது. 1799 முற்றுகையில் ஓர் இரவு டேவிட் பெயர்டின் படை வழிதவறி எதிரி முகாமை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை தவறு என்று சொன்னவர் அவர். கணக்கில் இருந்த அந்தப் பித்துதான், பிடித்த நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் திட்டமாக மாறி, 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டு, கடைசியில் இமயமலை வரை போனது.

ஊருக்கே வராமல் பெயர் வாங்கியவரும் உண்டு. ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர், கோட்டை விழுந்த மறு வருடமே அந்தக் காட்சியைப் பிரம்மாண்ட ஓவியமாக லண்டனில் காட்சிக்கு வைத்துக் கூட்டம் சேர்த்தார். இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. நேரில் வந்துவிட்டு மாநாட்டு அரங்கத்தையும் ஓட்டல் அறையையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களைவிட அவர் தேவலை.

நேரம் எங்கே கிடைக்கும்?

மாநாட்டுக்காரர்களுக்கு உண்மையான சிக்கல் நேரமும் விடுப்பும். மூன்றாம் நாள் மதிய அமர்வில் கட்டுரை வாசிக்க நேர்ந்தவர்களுக்குத் தெரியும்: அமர்வுத் தலைவர், அடுத்துப் பேச வேண்டியவர், ஒலிபெருக்கிக்காரர் தவிர அரங்கில் ஆள் இருக்காது. மற்றவர்கள் எல்லாம் டாக்சியில் இருப்பார்கள். விவரம் தெரிந்த அமைப்பாளர்கள் அந்த மதியத்தை நிகழ்ச்சி நிரலிலேயே சுற்றுலாவாக அறிவித்துப் பேருந்து ஏற்பாடு செய்துவிடுவார்கள். பதிவுக் கட்டணத்தோடு அதற்கும் பணம் வாங்கிக்கொள்வதால் யாருக்கும் மனக்குறை இல்லை.

அந்தப் பேருந்தில்தான் குறை. காலையில் அரண்மனை, சாமுண்டி மலை, மதியம் ஸ்ரீரங்கப்பட்டணம், மாலையில் கிருஷ்ணராஜ சாகர் அணையும் பிருந்தாவனமும் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிப்பார்கள். தரியா தௌலத் மாளிகைக்கு 20 நிமிடம் கிடைக்கும். அதில் 10 நிமிடம் வாகன நிறுத்தத்தில் இளநீர் குடிப்பதில் போய்விடும். இரண்டு பேராவது சேர்ந்து ஆட்டோவோ டாக்சியோ பேசிக்கொண்டு தீவுக்கு மட்டும் ஓர் அரை நாளை ஒதுக்குவது எவ்வளவோ மேல். மைசூரிலிருந்து நகரப் பேருந்துகளும் பாசஞ்சர் ரயில்களும் உண்டு. ரயில் நிலையம் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

முடிந்த பிறகு பார்க்கலாம் என்று வைத்துக்கொள்வதைவிட, ஒரு நாள் முன்னதாக வந்துவிடுவது நல்லது. பெரும்பாலான மாநாடுகள் திங்களோ வியாழனோ தொடங்கும். திங்கள் தொடங்குவதென்றால், ஞாயிறு காலை வந்து இறங்கி, தீவைப் பார்த்துவிட்டு, இரவு 7 மணிக்கு அரண்மனையின் விளக்கலங்காரத்துக்குத் திரும்பிவிடலாம். ஞாயிறுகளில் அது உண்டு. கல்லூரி ஆசிரியர்கள் ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கும்போதே, சனி ஞாயிறை முன்னாலோ பின்னாலோ சேர்த்துக்கொள்ள அனுமதி என்ற ஒரு வரியை விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டால் பின்னர் தணிக்கையில் கேள்வி வராது. பணி நாட்களுக்கான பயணப்படியும் தினப்படியும் அலுவலகத்தின் கணக்கு. கூடுதலாகத் தங்கும் இரவும், கூட வரும் குடும்பத்தின் டிக்கெட்டும், தீவுக்குப் போகும் டாக்சியும் சொந்தக் கணக்கு. இந்த இரண்டு பில்களையும் முதலிலேயே தனித்தனிக் கவரில் போட்டுவைப்பவர்கள் நிம்மதியாகச் சுற்றுகிறார்கள்.

மேற்கிலிருந்து கிழக்கே

தீவை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்ப்பதுதான் வசதி. வரலாறும் ஏறக்குறைய அதே வரிசையில் வருகிறது. மேற்கு முனையில் கோட்டை. கோட்டைக்குள் ரங்கநாத சுவாமி கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதுதான் முதலில். கருவறையில் சயனித்திருக்கும் பெருமாளின் காலடியில், ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எதிர்பார்க்காத ஓர் உருவம் இருக்கும். அது காவிரித் தாய். திப்பு இந்தக் கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள் ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. அவர் வாழ்ந்த லால் மஹால் அரண்மனை கோயிலுக்கு எதிரே கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. இப்போது அங்கே அடித்தளம் மட்டும் மிச்சம். அவர் 1787-ல் கட்டிய இரட்டை மினார் ஜாமியா மசூதி பெங்களூர் வாசல் பக்கம் நிற்கிறது.

கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டிப் படியிறங்கினால் ‘கர்னல் பெய்லியின் நிலவறை’ என்று பெயர் பெற்ற சிறை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய தாழ்ந்த வளைவுக் கூரை. சுவரில் வரிசையாகப் பதித்த கற்பலகைகளில் சங்கிலி கோக்கத் துளைகள். 1799 முற்றுகையில் கூரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்ததாகச் சொல்லப்படும் பீரங்கி ஒன்று உள்ளேயே கிடக்கிறது. 1780-ல் பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்ட ஆங்கிலேயத் தளபதி பெய்லி 1782-ல் சிறையிலேயே இறந்துபோனார். அவரோடு பிடிபட்டு 1784 வரை இந்த ஊரில் சிறையிருந்த டேவிட் பெயர்ட்தான், 15 ஆண்டுகள் கழித்துக் கோட்டைக்குள் பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கினார்.

அந்தப் பாய்ச்சல் நடந்தது 1799 மே 4, நண்பகல் ஒரு மணி வாக்கில். மே மாதம் என்பது தற்செயலாக அமையவில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காவிரி பெருகித் தீவை யாரும் நெருங்க முடியாது. கோடையில் ஆறு பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவில் ஓடும். ஆங்கிலேயப் படை அந்தப் பாறைகள் மேல்தான் கடந்து வந்து, வடமேற்கு மூலையில் பீரங்கியால் உடைத்த மதில் வழியே ஏறியது. ஏப்ரல், மே மாதங்களில் மாநாட்டுக்கு வருகிறவர்கள் அந்த இடத்தில் நின்றால் ஆறு ஏறக்குறைய அதே நிலையில் இருப்பதைப் பார்க்கலாம். அங்கே இருக்கும் நினைவுத் தூண் 1907-ல் மைசூர் அரசு எழுப்பியது. அதில் இருப்பவை வென்ற தரப்பில் இறந்தவர்களின் பெயர்கள். திப்புவின் உடல் கிடந்த இடத்தை வடக்கு மதில் ஓரம் ஒரு சிறு கல் குறிக்கிறது. இரண்டுக்கும் இருக்கும் உயர வித்தியாசத்தைப் பார்த்தாலே கல்லை நட்டவர்கள் யார் என்பது விளங்கும்.

கோட்டையை விட்டுக் கிழக்கே வந்தால் தரியா தௌலத். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் அது இதுவாகவே இருக்க வேண்டும். 1784-ல் தேக்கு மரத்தில் கட்டிய கோடை மாளிகை. வெளியே வெயிலை மறைக்கத் திரைகள் தொங்குவதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. திரைக்குப் பின்னால் மேற்குச் சுவர் முழுக்கப் பொள்ளிலூர்ப் போர். காஞ்சிபுரத்துக்கு அருகே, இன்று புள்ளலூர் என்று சொல்லும் ஊரில், 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் பெய்லியின் படையை முறியடித்த போர் அது. சுவரின் ஒரு பக்கம் ஹைதரும் திப்புவும் படை சூழ யானையும் குதிரையுமாகப் பவனி வருகிறார்கள். கலக்கமே இல்லாமல் கையில் பூவோடு. மறுபக்கம் சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள். நடுவே பல்லக்கில் விரலைக் கடித்தபடி பெய்லி. பக்கத்தில் வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி. தாமதமாக வந்து சேரும் ஹைதராபாத் நிஜாமைக் கேலி செய்ய, பக்கத்தில் பசுவும் பன்றியும் வரைந்திருக்கிறார்கள். தலைகள் துண்டாகிப் பறக்கும் இடங்களில்கூட ஓவியரின் கை நடுங்கவில்லை. குதிரைகளின் கண்களை மட்டும் ஐந்து நிமிடம் பார்க்கலாம்.

இந்தச் சுவரோவியம் பிழைத்திருப்பதே தோற்ற பக்கத்தின் தயவால் என்பதுதான் வேடிக்கை. முற்றுகைக் காலத்தில் சிதைந்துபோனதை, இங்கே குடியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி (பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெல்லிங்டன்) சரிசெய்ய வைத்தார். மீண்டும் மங்கியபோது, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி உத்தரவிட்டுப் புதுப்பித்தார்.

கிழக்குக் கோடியில் கும்பஸ். மெருகேற்றிய 36 கறுப்புக் கல் தூண்கள் சுற்றி நிற்கும் சதுர மண்டபம். உள்ளே ஹைதர், அவர் மனைவி பாத்திமா, மகன் திப்பு மூவரும் அடுத்தடுத்து. உட்சுவரில் புலிவரி வண்ணம். தந்தம் இழைத்த கதவுகள் டல்ஹௌசி கொடுத்தவை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காவிரியின் இரு கிளைகளும் கூடும் சங்கமம். பரிசல்காரர்கள் கூப்பிடுவார்கள், விலையைப் பேசிவிட்டு ஏறுவது உத்தமம்.

அவரவர் துறைக்கு ஒன்று

மாநாட்டுக்காரர்களுக்கு இந்த ஊரில் கிடைக்கும் கூடுதல் லாபம், அநேகமாக எந்தத் துறைக்கும் இங்கே ஒரு சுவடு இருப்பது. விண்வெளித் துறையினருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. இரும்புக் குழாயில் மருந்தடைத்த மைசூர் ராக்கெட்டுகள் 1799 ஏப்ரல் 5 இரவில் சுல்தான்பேட்டைத் தோப்பில் வெல்லெஸ்லியின் படையைத் திணறடித்தன. பிடிபட்டவற்றை லண்டனில் ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் தமது ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1963-ல் பயிற்சிக்காக நாசாவுக்குப் போன அப்துல் கலாம், வாலப்ஸ் தீவு மையத்தின் வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியத்தைக் கண்டதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் குறிப்பிடுகிறார். வேலைப் பயணத்தில் கண்ட ஒரு படம், அவர் ஆயுள் முழுக்கப் பேசிய விஷயமாயிற்று. 2018-ல் ஷிமோகா மாவட்டத்து நகரா கிராமத்தில் தூர்ந்த கிணறு ஒன்றில் இப்படிப்பட்ட ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன.

மருத்துவர்களுக்கு இரண்டு செய்திகள். கும்பினிப் படையின் மாட்டு வண்டிக்காரர் கவாஸ்ஜி 1792 போரில் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். பின்னர் புனே அருகே ஒருவர் நெற்றித் தோலை எடுத்து அவருக்குப் புது மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794-ல் படத்தோடு லண்டன் இதழில் வெளியாக, அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814-ல் அங்கே அதே முறையில் அறுவை செய்தார். நவீன பிளாஸ்டிக் சர்ஜரி வரலாற்றின் முதல் அத்தியாயங்களில் அந்த வண்டிக்காரருக்கு இடம் உண்டு. இரண்டாவது, மலேரியா. கோட்டையைப் பிடித்த படை அதில் நிலைக்க முடியவில்லை. காய்ச்சலுக்குத் தோற்று 1809-ல் பெங்களூருக்குப் பெயர்ந்தது. பெங்களூர் கன்டோன்மென்ட்டின் வளர்ச்சிக்குக் கொசுவும் ஒரு காரணம்.

பொறியாளர்கள், கல் தூண்கள் மேல் நிற்கும் 1804-ம் ஆண்டு வெல்லெஸ்லி பாலத்தைப் பார்க்க வேண்டும். திவான் பூர்ணையா கட்டியது. ரயில் நிலையத்தின் அருகே இருக்கும் திப்புவின் ஆயுதக் கிடங்கு இன்னும் புதிய அதிசயம். பெங்களூர் - மைசூர் இரட்டைப் பாதைக்கு அது குறுக்கே நின்றது. இடிக்காமல், ஏறக்குறைய ஆயிரம் டன் எடையுள்ள கட்டடத்தை அப்படியே தூக்கி, 2017-ல் வேறிடத்தில் நகர்த்தி வைத்தார்கள். பறவை ஆர்வலர்களுக்கு 4 கிலோமீட்டரில் ரங்கனதிட்டு. சலீம் அலியின் வற்புறுத்தலால் 1940-ல் சரணாலயமானது, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டும் பாறைகளுக்குக் கீழே முதலைகள் வாய்பிளந்து கிடக்கும். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் படகு ஓடாது என்பதால் மழை மாதங்களில் விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

சென்னைக்காரர்களுக்குத் திரும்ப இரவு ரயில் இருக்கிறது. கோவை, நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் பந்திப்பூர், கூடலூர் வழியாக ஊட்டியைத் தொட்டுப் போகலாம். அங்கே இந்தப் பயணத்தின் விட்டுப்போன ஒரு துண்டு இருக்கிறது. தீவில் இருந்த திப்புவின் அரண்மனை மரங்களைக் கழற்றி மலை ஏற்றிக் கொண்டுபோய்த்தான் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தைக் கட்டினார்கள். 1829-ல் அடிக்கல் நாட்டிய கோயில் அது. திப்புவின் உத்தரங்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். ஆகவே நிறைவு விழாவின் நன்றியுரை வரை உட்கார்ந்திருப்பவர்கள், அன்றிரவு மைசூரிலேயே தங்கிவிட்டு மறுநாள் விடியற்காலையில் கிளம்புவதுதான் சரி.